ஃபேர்லேண்ட்ஸில் கணினி வைத்தியம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில், 1961-இல் தோன்றிய ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரியின் பெயரைத் தாங்கிய சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் ஒட்டி மருத்துவமனைகளும் ஆடிட்டர் ஆபீசுகளும் கடைகளும் பெருகிய பிற்பாடு, சென்ற நூற்றாண்டின் இறுதியில், அவற்றின் மேஜைகள்தோறும் கணினி வந்து அமர்ந்தது. அவற்றுள் பல கம்பெனிச் சரக்கல்ல. சென்னை ரிச்சி தெருவின் உதிரி பாகங்களைக் கொண்டு உள்ளூரில் கோத்த 'அசெம்பிள்டு' யந்திரங்கள். கோத்துக் கொடுத்தவரே பழுதையும் பார்த்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்திலிருந்துதான் இத்தொழில் பிறந்தது.

பழுதுகளுள் மிகக் கொடியது யந்திரம் அடியோடு நின்றுபோவதன்று. நேரங்காலமில்லாமல், பாதி பில் அடித்துக்கொண்டிருக்கையில், மவுஸும் நகராமல் கீபோர்டுக்கும் இணங்காமல் ஸ்தம்பித்துவிடுவதே. "ஏனுங்கண்ணா, சிஸ்டம் மறுபடியும் ஹேங் ஆயிடுச்சுங்க" என்று போன் வரும். அண்ணன் வந்து உட்கார்ந்தாலோ ஒரு குறையுமின்றி ஓடும்.

உலகம் இதற்கு மென்பொருளையே பழித்தது. அதில் நியாயமும் உண்டு. காலத்தை மில்லி விநாடிகளாக 32 பிட் எண்ணில் கணக்கிட்டு வந்த விண்டோஸ் 95, இடைவிடாமல் 49.7 நாள் ஓடினால் உறைந்துவிடக்கூடும் என்பது 1999-இல் தெரியவந்தது. சேலத்தில் இக்குறையைக் கண்டவர் ஒருவரேனும் இருந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே; அத்தனை நாள் கரண்ட் போகாமல் இருந்தாலல்லவா!

ஆகவே இவ்வூர் மெக்கானிக் முதலில் நோக்கியது திரையையன்று, சுவரிலுள்ள பிளக்பாயின்டை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, அளவு மிகுந்திருந்தால், உப்பும் கரியும் இட்டு நிரப்பிய எர்த் குழி சித்திரை வெயிலில் காய்ந்துவிட்டதென நிதானித்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார். அடுத்து ரேமைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்து மாட்டுவார். பின்பு பிராசஸரின் மீதுள்ள விசிறியைப் பிரித்தால், உலோகத் தகடுகளின் இடுக்கெல்லாம் தூசி கம்பளமாய்ப் படிந்திருக்கும். 2004 முதல் வந்த பென்டியம் 4 ரகங்கள் சூட்டுக்குப் பேர்போனவை. பக்க மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்த ஆபீசுகள் அந்நாளில் அபூர்வமல்ல.

இவை எவற்றுக்கும் வசப்படாத ஒரு நோய் ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை உலகமெங்கும் பரவியது. மதர்போர்டில் சிறு குப்பிகளாய் நிற்கும் கெப்பாசிட்டர்கள் பலவற்றில் ஊற்றப்பட்ட மின்பகு திரவம் குறையுள்ளதாயிருக்க, அது உள்ளிருக்கும் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனை எழுப்பியது. தட்டையாயிருக்க வேண்டிய தலை உப்பி, பிளந்து, பழுப்பாய்க் கசிந்தது. பிராசஸருக்குச் செல்லும் மின்னோட்டத்தைச் சீராக்கும் உறுப்பே தளர்ந்ததால், ஆரம்பத்தில் எப்போதோ ஒருமுறை உறைந்த யந்திரம் நாளடைவில் எழவே மறுத்தது. டெல் நிறுவனம் இதன் பொருட்டு 2005-இல் சுமார் 30 கோடி டாலரைச் செலவாக எழுதிக்கொள்ள நேர்ந்ததென்றால் கேட்டின் பரிமாணம் விளங்கும். அமெரிக்காவில் போர்டையே மாற்றினார்கள்; நம்மவர் உப்பியவற்றை மட்டும் பிடுங்கி, நேர்முனை எதிர்முனை பார்த்துப் புதியன வைத்து, ஈயம் பற்றவைத்து ஓட்டினார்கள். கைத்திறன் என்று நான் மதிப்பது இதைத்தான்.

அப்புறம் மின்வெட்டு வந்தது. 840 மெகாவாட் அனல் நிலையமும் அணை நீரின் மின்சாரமும் இருந்த மேட்டூரைத் தன்னகத்தே கொண்ட சேலம் மாவட்டம், 2012-இல் சென்னை நீங்கலான பிற மாவட்டங்களைப் போலவே நாளொன்றுக்குப் பல மணி நேரம் இருளில் கிடந்தது. ரிப்பேர்க்காரர் பலருக்கு யுபிஎஸ், இன்வெர்ட்டர், பேட்டரி விற்பனையே பிரதானமாயிற்று. அதற்குள் கசியாத திட கெப்பாசிட்டர்கள் போர்டுகளில் புகுந்துவிட்டன. ஹேங் என்று வருகிற மேஜைக் கணினிக்கு இன்று பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. பொருத்துவதோடு காரியம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.