நீரரணும் காவலும்

அரண் நால்வகை என்பது நம் பழைய வழக்கு. அவற்றுள் நீரரணை இயற்கையே முழுமையாக அமைத்துக் கொடுத்த இடம் தீவு. ஆயினும், எத்துணை மாட்சியுடைய அரணும் செயல்திறம் இல்லாதாரிடத்து இருந்தும் இல்லாததே என்று கூறி அரண் அதிகாரத்தை நிறைவு செய்கிறார் வள்ளுவர். அரிய பறவைகளுக்குத் தீவுகளைப் புகலிடமாக்கிய நியூசிலாந்தின் வரலாறு, இக்கருத்துக்கு ஒரு நூற்றாண்டுக் காலச் சான்றாக விளங்குகிறது.

மனிதர் வருமுன் அந்நாட்டு நிலத்தில் வௌவால்களைத் தவிர வேறு பாலூட்டிகள் இல்லை. பகையறியாத பறவைகள் பல பறத்தலையே மறந்து, தரையில் கூடு கட்டி வாழ்ந்தன. மாவோரி மக்களுடன் பசிபிக் எலி வந்தது. ஐரோப்பியருடன் வேறு எலிகளும் பூனையும் வந்தன. பெருகிவிட்ட முயல்களை ஒடுக்குவதற்கென்று, கீரியை ஒத்த தோற்றமுடைய ஸ்டோட் என்னும் வேட்டை விலங்கை 1880களில் கொண்டுவந்து விட்டனர். அது முயல்களோடு நிற்கவில்லை.

பறவைகளைக் காக்கும் பொருட்டுத் தென்மேற்குக் கரையோரம் உள்ள ரெசல்யூஷன் தீவு 1891-இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1894-இல் அதன் காவலராக அமர்த்தப்பட்ட ரிச்சர்ட் ஹென்றி, பறக்கவியலாத காகாப்போ கிளிகளையும் கிவிகளையும் நூற்றுக்கணக்கில் பிடித்து, படகில் ஏற்றித் தீவுகளிற் சேர்த்தார். ஆனால் பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடைப்பட்ட நீர் குறுகியது. ஸ்டோட்டோ நீந்த வல்லது. 1900-இல் அது அத்தீவிலும் காணப்பட்டது. ஒரு தனிமனிதரின் ஆறாண்டு உழைப்பு வீணாயிற்று.

எனினும் அவர் கண்ட வழி பிழையன்று. கரையிலிருந்து மேலும் விலகியிருந்த தீவுகள் சில இனங்களைக் காத்துக் கொடுத்தன. ஹிஹி என்னும் சிறு பறவை ஹவுத்துரு தீவில் மட்டும் எஞ்சியது. கரிய உடலில் சேணம் பூட்டியதுபோலச் செம்பழுப்பு முதுகுடைய தியெக்கேயின் வடதீவு இனம், ஹென் தீவில் மட்டும் பிழைத்திருந்தது. எஞ்சியவற்றை மீண்டும் பெருக்க, புதிய இல்லங்கள் தேவைப்பட்டன.

அத்தகைய இல்லங்களுள் ஒன்றுதான் ஆக்லாந்து நகருக்கு வடகிழக்கே, கரையிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ள திரித்திரி மாத்தங்கி. பரப்பு 220 ஹெக்டேர். நெடுங்காலம் மேய்ச்சல் நிலமாக இருந்து, காடெல்லாம் அழிந்து, 1971-இல் பண்ணைத்தொழில் ஓய்ந்தபோது அது ஏறத்தாழ மொட்டைத் தீவு. பறவைக் காப்பிடங்களிற் பொதுமக்களை அனுமதிக்கத் தயங்கிய காலத்தில், மக்களைக் கொண்டே இத்தீவை மீட்கலாம் என்றனர் பல்கலைக்கழக அறிஞர்களான ஜான் கிரெய்க்கும் நீல் மிட்செலும். 1984 முதல் 1994 வரை பள்ளி மாணவர் முதல் முதியவர் வரை ஆயிரக்கணக்கானோர் படகேறி வந்து, இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டனர். கலங்கரை விளக்கக் காவலராக வந்த ரே வால்ட்டரும் அவர் துணைவியார் பார்பராவும் நாற்றங்காலைப் பேணினர். 1993-இல் எலிகள் ஒழிக்கப்பட்டன.

பறவைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1984-இல் தியெக்கே, அற்றுப்போனதாகக் கருதப்பட்டு 1948-இல் மீண்டும் கண்டறியப்பட்ட தக்காஹே 1991-இல், ஹிஹி 1995-இல், இன்னிசைக்குப் பேர்பெற்ற கோக்காக்கோ 1997-இல்.

இன்று ஆக்லாந்திலிருந்து படகில் அத்தீவைக் காணச் செல்வோர், காலணியிற் படிந்த மண்ணையும் விதையையும் முதலில் துடைத்துக்கொள்ள வேண்டும். பைகளில் எலியோ எறும்போ ஒளிந்துள்ளதா என்று திறந்து பார்த்துக்கொள்ளவும் வேண்டும். கருவுற்ற ஓர் எலி கரையேறினாலும் எல்லா உழைப்பும் பாழாகும் என்பதை அவர்கள் அறிவர். ரெசல்யூஷன் தீவில் ஒருவர் தோளிற் கிடந்த காவற்பொறுப்பு, இங்கே வருவோர் ஒவ்வொருவர் தோளிலும் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கிறது.

நம் இலக்கிய வட்டத்துக்கும் இப்போது அகவை பத்து. மொட்டைக் குன்றொன்று காடாவதற்கு மக்கள் கன்று நட்ட காலமும் அதுவே. நட்டவர் பலர் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. கிளைகளில் மட்டும் பாட்டு நின்றுவிடவில்லை.