பல தொழில் கண்ட நடிகர்

நாடகத் தொழிலைக் "கூத்தாடிப் பிழைப்பு" என்று இகழ்வோர் நம்மவருள் இன்றும் உளர். அன்னார் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரனாரின் சரித்திரத்தைச் சற்றே நோக்குவாராக.

அதிராம்பட்டினத்தார்க்கு அயலான பட்டுக்கோட்டைச் சீமையில், செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில் 1930ஆம் ஆண்டு பிறந்த இவர், பள்ளியிற் கற்றது மிகச் சிறிது. ஆயினும் உழுதார், மாடு மேய்த்தார், மாம்பழமும் தேங்காயும் விற்றார், மீனும் நண்டும் பிடித்தார், உப்பளத்திலும் உழைத்தார். பின்னர்ச் சக்தி நாடக சபையிற் சேர்ந்து அரிதாரம் பூசினார். புதுவையிற் பாரதிதாசனாரை அடுத்துத் தமிழறிவு பெருக்கினார்.

திரையுலகிலோ இவர் பாடலாசிரியராகவே புகழெய்தினார். 'பாசவலை' (1956), 'நாடோடி மன்னன்' (1958), 'கல்யாணப் பரிசு' (1959) முதலிய படங்களில் இவர்தம் பாடல்கள் ஒலித்தன. வயலும் உப்பளமும் பொருள் தந்தன. பாமரர் செவிக்கேற்பச் சொல்லும் எளிமையை நாடகமேடை தந்தது. 1959 அக்டோபர் 8ஆம் நாள், 29 வயதிலேயே, இவர் காலமானார்.

அன்பர்காள்! ஒரு தொழிலில் நில்லாத மைந்தனை உருப்படாதவன் என்று கடிவதற்கு முன், இப்பெரியாரை நினைமின். நேர்மையாகச் செய்த எத்தொழிலும் அவருக்கு வீணாகவில்லை. ஆதலின் மேடையேற விரும்பும் நம் சிறாரைத் தடுத்தல் வேண்டா. கைத்தொழிலொன்றும் உடன் கற்பித்தலே பெற்றோர் கடனாம்.