ஒருமுறைக் கடவுச்சொல்: லாம்போர்ட்டிலிருந்து ஆண்டாப் ஹில் வரை

1981 நவம்பரில் அமெரிக்கக் கணினியறிஞர் லெஸ்லி லாம்போர்ட் மூன்று பக்கக் கட்டுரையொன்றை வெளியிட்டார். தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பும் கடவுச்சொல்லை வழியில் ஒருவர் ஒட்டுக்கேட்டாலும் அது அவருக்குப் பயன்படாதபடி செய்வது எப்படி என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல்.

அவர் கண்ட தீர்வு எளிமையானது. ஒருவர் தம் இரகசியத்தை ஒருவழிச் சார்பொன்றில் 100 முறை இட்டுப் பெற்ற விடையைக் கணினி வைத்துக்கொள்ளும். முதல்முறை நுழையும்போது அவர் 99ஆம் விடையைத் தருவார். கணினி அதை மீண்டும் ஒருமுறை சார்பில் இட்டு, தன்னிடமுள்ளதோடு ஒப்பிட்டபின் 99ஆம் விடையைச் சேமிக்கும். அடுத்தமுறை 98ஆம் விடை வரவேண்டும். சார்பைப் பின்னோக்கித் திருப்ப இயலாததால், கேட்டவர் கையில் செத்த சொல்லே எஞ்சும். கணினியையே கொள்ளையிட்டாலும் அங்கே இரகசியம் இராது.

1990களின் தொடக்கத்தில் பெல்கோர் ஆய்வகம் இதை எஸ்/கீ என்னும் மென்பொருளாக்கியது. 1994இல் இணையத்தில் கடவுச்சொற்கள் பெருமளவில் ஒட்டுக்கேட்கப்படுவதாக செர்ட் அமைப்பு எச்சரித்தபோது, நிலையான தீர்வாக முன்வைத்தது ஒருமுறைக் கடவுச்சொற்களையே. எஸ்/கீயில் ஒவ்வொரு சொல்லும் ஆறு சிறு ஆங்கிலச் சொற்களின் கோவை. அவற்றைத் தாளில் அச்சிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவும் இயன்றது. பின்னர் 2005இலும் 2011இலும் வகுக்கப்பட்ட தரமுறைகள் எண்ணிக்கையையும் கடிகாரத்தையும் அடிப்படையாகக் கொண்டன. அவற்றில் பயனரின் இரகசியம் வழங்கிக் கணினியிடமும் இருந்தது. லாம்போர்ட் தவிர்த்த இடர் அங்கே திரும்பி வந்தது.

இந்தியாவில் இவ்வரலாறு மும்பையில் திசைமாறியது. 2009 பிப்ரவரி 18ஆம் நாளிட்ட இந்திய ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை, இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு அட்டையில் காணப்படாத தகவலால் கூடுதல் உறுதிப்பாடு வேண்டும் என்றது. ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சுற்றறிக்கை குறுஞ்செய்தியைக் கட்டாயமாக்கவில்லை. தொடக்கத்தில் நிலையான கடவுச்சொற்களே பல வங்கிகளுக்குப் போதுமாயிருந்தன. மலிவாகப் பரவிய செல்பேசியே காலப்போக்கில் ஆறிலக்கக் குறுஞ்செய்தியை ‘ஓடிபி’ என்ற பொதுச்சொல்லாக்கியது. ஆதாரும் அதே எண்ணைப் பற்றிக்கொண்டது.

இதன் விளைவை, தமிழர் பலர் வாழும் ஆண்டாப் ஹில் போன்ற பகுதியிலிருந்து பார்த்தால் தெளிவாகும். எஸ்/கீயில் இரகசியம் பயனரின் நினைவில் இருந்தது. குறுஞ்செய்தி முறையில் அடையாளமே சிம் அட்டையில் தங்கிவிட்டது. பயன்பாடும் போதிய இருப்புத்தொகையும் இன்றி 90 நாள்கள் கழிந்தால் முன்கட்டண இணைப்பைத் துண்டிக்க விதி இடம்தருகிறது. துண்டித்த எண் பின்னர் வேறொருவருக்குப் போகலாம். சில மாதங்கள் ஊரில் தங்கிவிட்டுத் திரும்பும் தொழிலாளி, தம் வங்கிக் கணக்கின் வாசலிலேயே அந்நியராக நிற்க நேரும். வீட்டுக்கு ஒரே செல்பேசி என்றால், மனைவியின் கணக்குக்கான சாவி கணவரின் பையில் இருக்கும்.

2016இலேயே அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், குறுஞ்செய்தி வழி உறுதிப்பாட்டைக் கைவிடலாம் என வரைவு வெளியிட்டது. ரிசர்வ் வங்கியும் 2025 செப்டம்பரில் பிற வழிகளுக்கு ஊக்கமளிக்கும் நெறிகளை அறிவித்தது. அவை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியவை. ஆனால் கைரேகையோ செயலியோ வந்தாலும், அவற்றுக்குத் தனக்கென ஒரு கருவி வேண்டும். ஒட்டுக்கேட்பவரை வெல்லப் பிறந்த நுட்பம் இது. கருவியைப் பகிர்ந்து வாழ்வோருக்கு அதில் இடமுண்டா என்பதை அதன் அடுத்த கட்டம் விடையளிக்க வேண்டும்.