அறுந்தும் தொடர்ந்த மரபு: அயர்லாந்தின் இசை குறித்து ஒரு விசாரணை

அயர்லாந்தின் கலாசாரத்தைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலோர், அந்நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகள் அந்நிய ஆட்சியிலும் வறுமையிலும் உழன்றபோதிலும், தங்கள் இசையை மட்டும் தந்தை வாசிக்க மகன் கேட்டு, அறுபடாத ஒரே சரடாக இன்றளவும் காத்து வந்திருக்கின்றனர் என்று வியந்து கூறுவது வழக்கமாகிவிட்டது. இக்கூற்றில் தேசாபிமானம் மிகுதி, சரித்திரம் குறைவு. அந்தச் சரடு ஒருமுறையன்று, பலமுறை அறுந்தது. அறுந்த இடந்தோறும் ஏடும் அச்சும் இசைத்தட்டும், கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் ஊர்ப்பற்றும் சேர்ந்து முடிச்சிட்டன. அம்முடிச்சுகளை மறைத்துப் பேசுவதால் அந்த இசைக்குப் பெருமை கூடுவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் அறுவையை 1792ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெல்பாஸ்ட் நகரத்தில் கூடிய ஹார்ப் விழாவிலேயே காணலாம். 1601இல் கின்ஸேல் போரில் ஆங்கிலேயரிடம் தோற்று, 1607இல் வடநாட்டுக் குறுநில மன்னர்கள் நாட்டைவிட்டே கப்பலேறியபின், அவர்களுடைய சபைகளை அண்டி வாழ்ந்த ஹார்ப் வித்துவான்கள் ஆதரவற்றவர்களாகி, வீடு வீடாகச் சென்று வாசித்துப் பிழைக்கும் நிலைக்கு இறங்கினர். 1792இல் விழாவுக்கு அழைப்பு விடுத்தபோது, நாடு முழுவதிலிருந்தும் வந்து சேர்ந்த ஐரிஷ் வித்துவான்கள் பதின்மரே. அவர்களுள் தொண்ணூறு வயதைக் கடந்த டெனிஸ் ஹெம்ப்ஸன் ஒருவர்தாம், உலோகத் தந்திகளை வளர்த்த நகங்களால் மீட்டும் பழைய முறையைக் கைவிடாதிருந்தவர். அவர்கள் வாசிப்பதைக் கேட்டு எழுதும் பணிக்கு அமர்த்தப்பட்டவரோ எட்வர்ட் பன்டிங் என்னும் பத்தொன்பது வயது ஆர்கன் வாசிப்பாளர். அவ்விளைஞர் விழாவோடு நின்றுவிடாமல், பின்னர்க் கிராமங்களுக்கும் சென்று சேகரித்து, 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளை வெளியிட்டார்.

அத்தொகுதிகள் இல்லையேல் அந்த மெட்டுகளில் பெரும்பகுதி மாண்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பன்டிங் அவற்றைப் பியானோ வாசிப்போரின் வசதிக்கேற்ப அமைத்தார். வாங்கும் கனவான்களின் வீடுகளில் இருந்தது பியானோதானே! 1807இல் ஹெம்ப்ஸன் இறந்தார். பழைய கைமுறையும் அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. இன்று நாம் ஐரிஷ் ஹார்ப் என்று கொண்டாடுவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்ளினில் ஜான் ஈகன் செய்தளித்த, நரம்புத் தந்தி பூட்டி விரல் நுனியால் மீட்டும் சிறு வாத்தியத்தின் வழித்தோன்றலே. 2019இல் யுனெஸ்கோ ஐரிஷ் ஹார்ப் கலையை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தபோது, இந்த விவரத்தை நினைத்தவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. உலோகத் தந்தி ஹார்ப்பை இக்காலத்தில் மீண்டும் கையில் எடுத்திருக்கும் சிலருக்கோ, வித்துவான்கள் சொல்லக் கேட்டுப் பன்டிங் 1840ஆம் ஆண்டுத் தொகுதியில் குறித்துவைத்த விரற்பிரயோகங்களே பெரிய ஆதாரம்.

மெட்டு தனியே பிரயாணம் செய்யும். அதை வாசித்த கையின் பாணி அவ்வாறு செய்வதில்லை. இதற்கு நம் சங்கீதத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கார்க் மாவட்டத்து மேலோ என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய 'ரேக்ஸ் ஆஃப் மேலோ' என்ற ஐரிஷ் மெட்டு, ஆங்கிலேயரின் வாத்தியக் குழுக்கள் வழியே தென்னாட்டை அடைந்து, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களுள் 'வந்தே மீனாக்ஷி'யாக இன்றும் நம் வீட்டுப் பிள்ளைகளால் பாடப்படுகிறது. மெட்டு பிழைத்தது, அதில் ஐரிஷ் வாசிப்பின் சாயல் சிறிதும் இல்லை.

இரண்டாவது அறுவை 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகவைத்த நோயோடு வந்தது. 1841இல் எண்பது லட்சத்தைத் தாண்டியிருந்த ஜனத்தொகை, பத்தே ஆண்டுகளில் அறுபத்தைந்து லட்சமாகக் குறைந்தது. பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். மாண்டவர்களிலும் போனவர்களிலும் மிகப் பலர் ஐரிஷ் மொழி பேசிய மேற்குப் பகுதி ஏழைகள். பாட்டும் நடனமும் செழித்திருந்த குடிசைகள் அவர்களுடையவையே.

இந்த அறுவைக்கு முடிச்சிட்டவர் ஒரு போலீஸ் அதிகாரி என்பது சரித்திரத்தின் வேடிக்கை. கார்க் மாவட்டத்தில் 1848இல் பிறந்து, இளவயதில் கப்பல் வேலைக்குச் சென்று, பின் சிக்காகோ நகரப் போலீஸில் சேர்ந்து, 1901இல் அதன் தலைமைப் பதவிக்கே உயர்ந்த பிரான்சிஸ் ஓநீல், அந்நகரில் குடியேறிய ஐரிஷ்காரர்களிடமிருந்து மெட்டுகளைத் திரட்டினார். அவருக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. ஆகவே தாம் சிறுவயதில் கேட்டு நினைவில் வைத்திருந்தவற்றையும் பிறரிடம் கற்றவற்றையும் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் ஓநீல் என்னும் சக போலீஸ்காரர் கேட்டு எழுதினார். 1903இல் வெளியான அவர்களுடைய தொகுப்பில் 1,850 மெட்டுகள் இருந்தன. 1907இல் வெளியான நடன இசைத் தொகுப்பில் இருந்தவை 1,001. அயர்லாந்தின் மூலை முடுக்கிலிருந்த வாசிப்பாளர்களும் நாளடைவில் அதைப் பிரமாணமாகக் கொண்டனர்.

ஏட்டில் ஏறாத கைப்பாணியை இசைத்தட்டு ஏற்றது. ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்து 1914இல் அமெரிக்கா சென்ற பிடில் வித்துவான் மைக்கேல் கோல்மன், 1921 முதல் நியூயார்க்கில் தந்த தட்டுகள், உறவினர் அனுப்பிய பொதிகளோடு அயர்லாந்துக் கிராமங்களை அடைந்தன. பக்கத்துக்கு மூன்று நிமிஷமே ஓடும் அத்தட்டுகளை மீண்டும் மீண்டும் சுழலவிட்டு, அவருடைய வில்லின் வீச்சையும் கமக நுணுக்கங்களையும் கற்ற இளைஞர் பலர். இதனால் ஸ்லைகோ பாணி எங்கும் பரவி, ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடுகள் மங்கின என்று குறை கூறுவோர் உளர். அக்குறையில் நியாயம் இல்லாமலும் இல்லை. எனினும் கார்க், கெர்ரி மாவட்டங்களின் எல்லையிலுள்ள ஸ்லீவ் லூக்ரா பிரதேசத்தின் தனிப்பாணி அழியவில்லை. உபாத்தியாயர் வேலையை இழந்து, மலைப்பாதைகளில் நடந்தே சென்று வீடுதோறும் பிடில் கற்பித்த பாட்ரிக் ஓகீஃப் என்பவரே அதற்கு முக்கிய காரணம். அவர் மாணவர்களுக்குத் தாமே வகுத்த முறையில் பாடம் எழுதிக் கொடுப்பார்: ஐந்து கோடுகளுக்கு இடையிலுள்ள நான்கு இடைவெளிகள் நான்கு தந்திகள், அவற்றில் இடும் எண்கள் விரல்கள். செவிவழி மரபின் கோட்டை என்று புகழப்படும் அப்பிரதேசத்திலும் மாணவன் கையில் ஒரு காகிதம் இருந்தது!

கூடி வாசிக்கும் இடங்களின் கதையும் இத்தகையதே. கேலி என்னும் பொது நடன நிகழ்ச்சியை, ஐரிஷ் மொழியை மீட்க முனைந்த கேலிக் சங்கத்தார் முதலில் நடத்தியது 1897இல், லண்டனில். 1935ஆம் ஆண்டுச் சட்டம் பொது நடனங்களுக்கு லைசென்ஸ் வேண்டுமென்று விதித்தபோது, அதன் வாசகத்தையும் மீறிப் பல ஊர்களில் வீட்டு அடுக்களை நடனங்களும் அடக்கப்பட்டன. இன்று உல்லாசப் பயணிகள் புராதன வழக்கமென்று நம்பிக் கேட்கும் மதுக்கடைக் கச்சேரியும், இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் லண்டனில் கூலி வேலை செய்த ஐரிஷ்காரர்களிடையே வேரூன்றிய ஏற்பாடே.

சர்க்காரின் ஆணையே மரபைக் காத்துவிடும் என்பாரும் உண்டு. அவர்கள் ஐரிஷ் மொழியின் நிலையை நோக்குவார்களாக. 1922இல் பிறந்த சுதந்திர அரசு பள்ளிகளில் அம்மொழியைக் கட்டாயமாக்கியது. ஆயினும் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பள்ளிக்கு வெளியே அதை நாள்தோறும் பேசுவோர் சுமார் 72,000 பேரே. பாடமாக இருப்பது வேறு, பழக்கமாக இருப்பது வேறு.

எனவே ஏடு, தட்டு, கூட்டம் ஆகிய மூன்றும் வேண்டும். நான்காவதாகப் பட்டறையும் வேண்டும் என்பதற்கு இல்லன் பைப் என்னும் துருத்தி வாத்தியமே சாட்சி. வலது முழங்கைக்கு அடியில் துருத்தியையும் இடது கைக்கு அடியில் காற்றுப் பையையும் அணைத்து, அமர்ந்தபடி வாசிக்கப்படும் அவ்வாத்தியத்தில், நாணலில் சீவிய சீவாளி ஈரக்காற்று பட்டாலே சுருதி மாறும். அதைச் சீவத் தெரிந்தவர் இல்லாத ஊரில் வாத்தியம் ஊமை. 1968இல் அவ்வாத்தியக்காரர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தபோது, எஞ்சியிருந்தோர் நூறு பேருக்கும் குறைவு என்பர். அச்சங்கம் வாசிப்பைக் கற்பித்ததோடு அமையாமல், வாத்தியம் செய்வதையும் சீவாளி சீவுவதையும் கற்பித்தது. 2017 டிசம்பரில் இல்லன் பைப் கலை யுனெஸ்கோவின் பட்டியலில் இடம் பெற்றது. அறுபடாத பரம்பரைக்குக் கிடைத்த கௌரவமாக அதைக் கருதுவது பிழை. அறுந்துபோகும் தறுவாயில் அதைக் கையில் எடுத்த ஒரு தலைமுறையின் உழைப்புக்குக் கிடைத்த கௌரவம் அது.