ஒரு பிளேடு, இரண்டு விளிம்பு: ஃபிகர் ஸ்கேட்டிங் கத்தியின் கதை

உத்திரமேரூர் ஏரி எந்த மார்கழியிலும் உறைந்ததில்லை. உறையப் போவதும் இல்லை! அதனால் டிவியில் ஃபிகர் ஸ்கேட்டிங் வந்தால் நம் கண் ஆடுபவரின் சுழற்சியிலும் பளபளக்கும் உடையிலும்தான் நிற்கும். காலுக்கடியில் இருக்கும் இரும்புப் பட்டையை யார் பார்க்கிறார்கள்? ஆனால் அந்த ஆட்டத்தில் எது முடியும், எது முடியாது என்று முடிவு செய்வதே அதுதான். அதன் கதையில் நம்ம சேலமும் பரங்கிப்பேட்டையும் ஓரமாக வந்து போகின்றன என்பது இன்னொரு ஆச்சரியம்.

எலும்பிலிருந்து இரும்புக்கு

ஸ்கேட்டிங் விளையாட்டாகத் தொடங்கவில்லை. வட ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஏரியும் ஆறும் உறைந்துவிடும். அதைக் கடக்க மாடு, குதிரை ஆகியவற்றின் எலும்பைத் தட்டையாகத் தேய்த்துக் காலில் கட்டிக்கொண்டார்கள். எலும்புக்கு விளிம்பு கிடையாது. வழுக்கும், ஆனால் பனியைப் பிடிக்காது. எனவே கையில் ஒரு கம்பை வைத்து, படகு தள்ளுவது போல ஊன்றித் தள்ளித்தான் போக வேண்டும்.

ஹாலந்துக்காரர்கள் மரக்கட்டைக்கு அடியில் இரும்புப் பட்டையைப் பொருத்தினார்கள். பிறகு அந்தப் பட்டைக்கு விளிம்பு வைத்தார்கள். அவ்வளவுதான், கம்பு தேவையில்லாமல் போயிற்று! விளிம்பு பனியைப் பிடித்துக்கொள்ள, ஒரு காலால் தள்ளி மறு காலில் வழுக்கலாம். 1498ல் அச்சான ஒரு மரச்செதுக்குப் படத்தில், பனியில் விழுந்து அடிபட்ட புனித லிட்வினாவைக் காட்டியிருக்கிறார்கள். ஸ்கேட்டிங்கைக் காட்டும் மிகப் பழைய படங்களில் அது ஒன்று.

அப்போதெல்லாம் பிளேடை வாரால் காலணியோடு கட்டுவார்கள். கட்டு தளர்ந்தால் கதை முடிந்தது. 1860களில் ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்க நடனக் கலைஞர், பூட்ஸிலேயே பிளேடை நிரந்தரமாகத் திருகி முடுக்கினார். காலும் கத்தியும் ஒன்றானதால் தாவலும் சுழற்சியும் சாத்தியமாயின. அமெரிக்காவில் அவரை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. வியன்னா நகரம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

பிளேடின் உடற்கூறு

இன்றைய ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடு சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன். வேக ஸ்கேட்டிங் பிளேடு 1 மில்லிமீட்டரை ஒட்டியதுதான். நாம் நினைப்பது போல இதன் அடிப்பக்கம் அரிவாள் மாதிரி ஒற்றைக் கூராக இருக்காது. நடுவில் நீளவாக்கில் ஒரு மெல்லிய குழிவு ஓடும். அதனால் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு விளிம்புகள் கிடைக்கின்றன. நம் தெருவுக்கு வரும் சாணைக்காரர் கத்தியின் பக்கவாட்டைத் தேய்ப்பார். இங்கே அடிப்பக்கத்தையே, ஓரம் உருண்ட சாணைக்கல்லால் தேய்க்கிறார்கள். குழிவு ஆழமானால் பிடிப்பு அதிகம், வழுக்கல் குறைவு. ஆழம் குறைந்தால் நேர்மாறு.

இரண்டாவது விஷயம் வளைவு. பிளேடின் அடி நேர்க்கோடு அல்ல. சுமார் 7 அல்லது 8 அடி ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சிறு துண்டு அது. எனவே எந்த நேரத்திலும் பனியைத் தொடுவது கொஞ்ச நீளம்தான். உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் பிளேடு தானாகவே வளைந்து போகும்.

மூன்றாவது, முன்னால் இருக்கும் பற்கள். நெல் அறுக்கும் கருக்கரிவாளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இந்தப் பல்லைப் பனியில் குத்தித்தான் பல தாவல்களில் எழும்புகிறார்கள். ஆனால் 1882ல் வியன்னாவில் ஆக்செல் பால்சன் தன் பெயர் கொண்ட தாவலை முதலில் செய்து காட்டியபோது அணிந்திருந்தது பல்லே இல்லாத வேக ஸ்கேட்டிங் பிளேடு!

உருக்கு வந்த வழி

வடிவம் இருந்தால் போதாது, விளிம்பு நிற்க வேண்டுமே? அதற்கு நல்ல உருக்கு வேண்டும். உலகின் பேர்பெற்ற ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடுகள் ஜான் வில்சன், எம்.கே. இரண்டுமே இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தைச் சேர்ந்தவை. கத்தி, கரண்டி எல்லாவற்றுக்கும் பேர்போன ஊர் அது.

அங்கேதான் நம் கதை சேர்கிறது. சேலம் பக்கத்துக் கொல்லர்கள், துண்டு இரும்பை ஆவாரங்கட்டையோடு மண் மூசையில் வைத்து, எருக்கிலை போன்ற இலைகளால் மூடி, உலையில் உருக்கி எடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் இந்த உருக்கை 'ஊட்ஸ்' என்றார்கள். 1819ல் மைக்கேல் ஃபாரடேயே இதை ஆராய்ந்தார். (பனியின் மேல் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் உண்டு என்று 1850ல் சொன்னவரும் அதே ஃபாரடேதான்!)

சேலம் முறையை எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத். மதராஸில் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். 1830ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். ஆலை லாபம் தரவில்லை. பிறகு இங்கிலாந்து திரும்பியவர், 1839ல் உருக்கில் மாங்கனீஸ் கலவை சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். விலை உயர்ந்த ஸ்வீடன் இரும்பை மட்டும் நம்பியிருந்த ஷெஃபீல்டுக்கு, மலிவான இரும்பிலும் நல்ல உருக்கு கிடைத்தது.

லாபம் யாருக்கு? ஹீத்துக்கு இல்லை. மாங்கனீஸையும் கரியையும் முன்கூட்டியே சேர்த்த பொருளுக்குத்தான் அவர் உரிமை வாங்கியிருந்தார். அவருடைய முகவராக இருந்த அன்வின் என்பவரே இரண்டையும் தனித்தனியாக மூசையில் போட்டார். உள்ளே போனால் இரண்டும் ஒன்றுதான்! ஆனாலும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஹீத் 1851ல் இறந்தார். 1855ல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை எவ்வளவு பெறும் என்பதற்கு வணிகவியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஹீத்தின் பெயராவது வழக்குப் புத்தகத்தில் நிற்கிறது. அவருக்கு உலையைத் திறந்து காட்டிய சேலத்துக் கொல்லர்களின் பெயர் அதில்கூட இல்லை.

அதற்காக "ஸ்கேட்டிங் பிளேடு தமிழன் கண்டுபிடிப்பு" என்று யாரும் ஃபார்வர்ட் மெயில் அனுப்பிவிட வேண்டாம்! ஷெஃபீல்டு உருக்கின் வரலாற்றில் நம் மண்ணிலிருந்து போன ஒரு இழையும் இருக்கிறது, அவ்வளவே.

அழிந்த கோலம்

'ஃபிகர்' என்ற பெயர் ஏன்? பனியில் வட்டம், எட்டு போன்ற உருவங்களைக் கத்தியால் வரைவதுதான் ஆட்டமே. நம் வாசல் கோலம் போலத்தான். இழை பிசகினால் மதிப்பெண் போயிற்று. 1972 சப்போரோ ஒலிம்பிக்ஸில் ஆஸ்திரியாவின் பீட்ரிக்ஸ் ஷூபா இதில் பெரிய முன்னிலை எடுத்தார். அடுத்து வந்த சுதந்திர நடனத்தில் ஏழாவது இடம்தான். ஆனாலும் தங்கம் அவருக்கே! டிவியில் பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. கோலத்தின் மதிப்பெண் படிப்படியாகக் குறைந்து, 1990க்குப் பிறகு அந்தப் பிரிவே நீக்கப்பட்டது.

இன்று மதிப்பெண் தாவல்களுக்கு. ஆனால் பிளேடின் அடியில் அந்த வளைவு அப்படியே இருக்கிறது, இரண்டு விளிம்புகளும் இருக்கின்றன. அவை இல்லாமல் தாவலுக்கு முன் எடுக்கும் வளைவும் இல்லை, இறங்கியபின் பின்னோக்கி வழுக்கும் வளைவும் இல்லை. அடுத்த முறை ஸ்லோ மோஷனில் காட்டும்போது முகத்தை விட்டுவிட்டு காலைப் பாருங்கள். கோலம் அங்கேதான் இருக்கிறது.