மூளைக்காய்ச்சலும் அடங்காத பிள்ளையும்



பாலக்காட்டுச் சித்தூர் வட்டமாயினும், இடுக்கி மாவட்டத்து மூணாறு, குமுளி மலைச்சரிவுகளாயினும், நம்மவர் இல்லத்தில் ஒரு பிள்ளை ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் திரிந்தால், 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியே பெரியோர் நாவில் முதலில் எழும். அதற்கு மருத்துவம் அளித்த மறுமொழியின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

1902ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவிற் குறைவில்லாதிருந்தும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத சிறுவர்களைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அந்நிலையை அவர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே குறித்தார்.

1917ஆம் ஆண்டில் வியன்னாவில் வான் எக்கனாமோ என்னும் அறிஞர் உறக்க மூளையழற்சி நோயை விவரித்தார். அது 1920களில் பல நாடுகளில் பரவியது. பிழைத்தெழுந்த சிறுவர் பலர் இரவில் உறங்கவில்லை, பகலில் ஓயவில்லை, சாந்தமாயிருந்தவர் சினமும் முரட்டுத்தனமும் கொண்டனர். பெற்றோர் மாறவில்லை, வளர்ப்பும் மாறவில்லை, மாறியது மூளையே. நடத்தைக் கோளாறு தீய குணத்தின் விளைவாகவே இருக்க வேண்டுவதில்லை என்பது அப்பொழுது புலனாயிற்று.

ஆயினும் இவ்வுண்மையிலிருந்து ஒரு பிழையும் பிறந்தது. துடிப்பு மிக்க பிள்ளைகள் அனைவருக்கும் மூளையில் சேதம் இருக்க வேண்டும் எனச் சிலர் கருதலாயினர். சான்று கிட்டாமையால், 1960களில் 'சேதம்' என்னும் சொல் கைவிடப்பட்டு, 'செயற்குறை' என்னும் சொல் வழங்கலாயிற்று. கவனக்குறை மிகையியக்கக் கோளாறு எனப்படும் இந்நிலையில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு என இன்று அறிகிறோம். மூளை அழற்சிக்கும் அதில் பங்குண்டா என்பது ஆராயப்பட்டு வருகிறது. தொடர்புக்குச் சில அறிகுறிகள் உள. அதுவே காரணம் என்பது நிலைநாட்டப்படவில்லை.

மூளைக்காய்ச்சல் நமக்கும் அயலானதன்று. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் 1955ஆம் ஆண்டில் வேலூரில் நோயாளரிடம் கண்டறியப்பட்டது. 1996ஆம் ஆண்டில் கேரளத்துக் குட்டநாட்டில் பரவியது. பன்றிகளிடமும் நீர்ப்பறவைகளிடமும் வாழும் அந்நுண்கிருமியை நெல்வயல் நீரில் பெருகும் கொசுக்கள் மனிதர்க்குக் கொணர்கின்றன. கிருமி தொற்றியவருள் மிகச் சிலருக்கே மூளை அழற்சி உண்டாகும். அதிலிருந்து பிழைப்போருள் 100க்கு 30 முதல் 50 பேர் வரை நீங்காத குறைகளுக்கு ஆளாகின்றனர். இதற்குத் தடுப்பூசி உண்டு.

ஆகவே, கடுங்காய்ச்சலுக்குப் பின் பிள்ளையின் இயல்பு மாறினால் பிரம்பை நாடாதீர்கள். காய்ச்சல் கண்ட நாளையும், அதற்கு முன்னும் பின்னும் பிள்ளை இருந்த நிலையையும் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுங்கள். வேற்று மாநிலத்தில், வேற்று மொழி பேசும் மருத்துவரிடம் செல்வோர்க்கு இக்குறிப்பு பெருந்துணையாகும். காய்ச்சலே காணாது இளமைமுதல் துடிப்பாயுள்ள பிள்ளைக்கும் உதவி உண்டு; அதன்பொருட்டுத் தாயைப் பழிப்பது தகாது.