தூக்கத்திலிருந்து எடுத்த நேரம்

கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, அடுப்பு மேடையைத் துடைத்து, அரைத்த மாவை மூடி வைக்கும்போது மணி 11 ஆகிவிடும். படுத்ததும் கை கைபேசியைத் தேடும். தோழி போட்ட படம், யாரோ ஒருத்தியின் சமையல், முன்பின் தெரியாதவர்களின் சண்டை. நிமிர்ந்து பார்த்தால் மணி 1. மறுபடி 5 மணிக்கு எழ வேண்டும்.

ஓயாத தலைவலிக்காகப் போனபோது மருத்துவர் சொன்னார்: "ஃபோனைத் தூரமா வைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்." 11 மணி வரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

என் அம்மாவிடம் கைபேசி இல்லை, அரிக்கேன் விளக்கு இருந்தது. வீடு அடங்கிய பிறகு திரியைத் தணித்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் வாங்கி வந்த வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிப்பாள். "மண்ணெண்ணெய் என்ன சும்மாவா வருது?" என்று திண்ணையிலிருந்து அப்பாயி அதட்டுவாள். பகல் முழுக்க அம்மா செய்த வேலைக்கு யாரும் கணக்குப் பார்த்ததில்லை. அவள் தனக்கென்று எரித்த எண்ணெய்க்கு மட்டும் கணக்கு இருந்தது.

1880இல் வங்காளத்தில் பிறந்த ரொக்கேயா சகாவத் ஹொசைன் இப்படிப்பட்ட ஓர் இரவில்தான் படிக்கத் தொடங்கினார். அவர் வீட்டுப் பெண்களுக்கு வங்காளமும் ஆங்கிலமும் விலக்கு. எல்லோரும் தூங்கிய பிறகு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அண்ணன் இப்ராகிம் தங்கைக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தங்கை பின்னாளில் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் நம் சென்னையிலிருந்து, கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வெளிவந்தது. சாய்வு நாற்காலியில் கண்ணயரும் ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கும் கதை அது. அவள் போய்ச் சேரும் பெண்கள் நாட்டில் அலுவலக வேலை நாளுக்கு 2 மணி நேரம்தான். விடுதலையைக் கற்பனை செய்தபோது ரொக்கேயா நேரத்தையும் சேர்த்தே கற்பனை செய்தார் என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

சட்டமும் பெண்ணின் இரவைப் பற்றிப் பேசியிருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, இரவு 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அதற்குப் பாதுகாப்பு என்று பெயர். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. தடை இருந்த காலத்திலும் நீங்கிய பிறகும் சமையலறையின் இரவு வேலையை எந்தச் சட்டமும் தொடவில்லை.

2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதை எண்ணிப் பார்த்தது. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அப்படிச் செய்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்.

இத்தனை வேலையும் பதற்றமும் சுமந்த உடம்பு படுத்தவுடன் அடங்குவதில்லை. இரவில் தணிய வேண்டிய கார்டிசோல் சுரப்பு கவலையால் தணியாமல் நிற்கிறது. இருட்டில் கூட வேண்டிய மெலடோனினைத் திரையின் வெளிச்சம் தள்ளிப்போடுகிறது. அதற்கு மேல், பார்க்கும் செய்தியும் பிறர் வாழ்க்கையோடு செய்யும் ஒப்பீடும் மனத்தை உசுப்பிவிடுகின்றன. தூக்கம் குறைந்தால் மறுநாள் சின்னச் சொல்லும் பெரிதாய்க் குத்தும். அந்தக் குத்தலை மறக்க மறுபடி கைபேசி.

சீனாவில் இதற்குப் 'பழிவாங்கும் இரவு விழிப்பு' என்று பெயர் வைத்தார்கள். பகலில் தன் நேரத்தைப் பறிகொடுத்தவர் இரவில் தூக்கத்திலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்வது. 2020இல் இந்தச் சொல் உலகெங்கும் பரவியபோது, என் படுக்கைக்கு யாரோ பெயர் சூட்டியதுபோல் இருந்தது.

ஆனால் அம்மாவின் விளக்கையும் என் கைபேசியையும் ஒன்றென்று சொல்லிவிட மாட்டேன். தொடர்கதை 'தொடரும்' என்ற சொல்லோடு நின்றுவிடும். எண்ணெயும் தீர்ந்துவிடும். 2006இல் ஆசா ராஸ்கின் வடிவமைத்த 'முடிவிலா உருட்டல்' அப்படி நிற்காது. பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். வீட்டிடமிருந்து நான் ஒளித்து மீட்ட நேரத்தை, விளம்பரம் விற்கும் நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. பழி யாரையோ வாங்குவதாக நினைத்தேன். கொடுத்தது என் தூக்கம்.

அதனால் கைபேசியை அலமாரியில் வைப்பதற்கு முன் வேறொன்று செய்தேன். இரவுப் பாத்திரம் இனி என் வேலை இல்லை என்று வீட்டில் சொன்னேன். முதல் வாரம் தொட்டியில் பாத்திரங்கள் காய்ந்து கிடந்தன. மூன்றாம் வாரம் மகன் கழுவினான். பிறகு கணவரும் முறை வைத்துக்கொண்டார். இப்போது 9 மணிக்கு என் கை காய்ந்திருக்கிறது. ஒரு மணி நேரம் படிக்கிறேன், சில நாள் கைபேசியும் பார்க்கிறேன். பெரும்பாலும் 10.30க்குத் தூங்கிவிடுகிறேன்.

உங்களிடமும் யாராவது "ஃபோனைத் தூரமா வைங்க" என்று சொன்னால், சரி என்று சொல்லுங்கள். கூடவே, அன்று கடைசிப் பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்றும் கேளுங்கள்.